அண்ணனுக்கு ஹெல்மெட்... அப்பாவுக்குத் துண்டு!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி மதில் சுவர் முடிகிற இடத்தில் கத்தரித் தோட்டம் ஆரம்பிக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். அண்ணன் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் போகிறான். அப்பா, மிச்சமிருக்கும் முக்கால் ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போடுகிறார்.

அண்ணனுக்கு ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் கம்பெனியே தருகிறது. ஷூ இல்லாமல் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மருந்தடிக்கப் போகும் அப்பாவுக்கு மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. அவரை நிறுத்த கேட்டும் இல்லை, செக்யூரிட்டியும் இல்லை.

"முப்பது வருஷமா அடிக்கிறேன், என்ன ஆயிடுச்சு?" என்பார். ஆனால், மருந்தடித்த ராத்திரிகளில் தலை சுற்றுகிறது என்று சாப்பிடாமலேயே படுத்துவிடுவார். வீட்டில் எல்லோரும் வெயில்மீது பழியைப் போடுவோம். விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோமே, பயம் எப்படி வரும்?

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிக்கொல்லி அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பூச்சிக்கொல்லியைக் கையாள்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கம்பெனியில் அதைக் கேட்க அதிகாரி வருவார். சொந்த நிலத்தில் தானே அடிக்கும் விவசாயியிடம் யார் கேட்பது?

வீட்டில் இருக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.

பலரும் மூக்கை மட்டும் மூடுகிறார்கள். ஆனால், விஷம் தோல் வழியாகவும் உள்ளே போகும். மருந்தில் நனைந்த துண்டு, விஷத்தை முகத்திலேயே ஒட்டி வைக்கும். தண்ணீர் கலக்காத மருந்தை அளந்து ஊற்றும் நேரம்தான் மிகவும் ஆபத்து. அப்போது ரப்பர் கையுறை கட்டாயம். முழுக்கை சட்டை, முழு பேன்ட், பூட்ஸ் நல்லது. காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது.

வாங்கும்போதே லேபிளில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது.

அடித்த பிறகு வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான சிகிச்சை தர முடியும்.

போன மாதம் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தேன். பூட்ஸ் சேற்றில் வழுக்குகிறதாம், திண்ணையில் கிடக்கிறது. கையுறையை மட்டும் போடுகிறார். அதுவும் அவருக்காக இல்லை. "மருந்தடிச்ச சட்டையை வெறுங்கையில துவைக்கிறது அம்மாதானேப்பா" என்றேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடையிலிருந்து இன்னொரு ஜோடி கையுறை வாங்கி வந்து, துணி துவைக்கும் கல் பக்கத்தில் வைத்தார்.