மறுபேறும் தந்தையின் காத்திருப்பும்

பிள்ளைப்பேற்றைக் குறித்துப் பேசுவோர் தாயைக் குறித்தே பேசுவர், அது முறையே. பத்து மாதம் சுமப்பவளும் அவளே. தன் உயிரைப் பொருட்படுத்தாது ஈன்றெடுப்பவளும் அவளே. ஆயினும் பிரசவ அறையின் கதவுக்கு வெளியே ஒருவன் நிற்கிறான். செவிலியர் வெளியே வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பான். அவர் வேறொருவர் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுப் போனதும் மீண்டும் சுவரில் சாய்ந்துகொள்வான். உள்ளே போக அவனுக்கு இடமில்லை. வீட்டுக்குப் போக அவனுக்கு மனமில்லை. அவனைக் குறித்து, சிறப்பாக இரண்டாம் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தந்தையைக் குறித்து, நம் குடும்பங்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இரண்டாம் பிள்ளை என்று பிரித்துச் சொல்வானேன் எனச் சிலர் கேட்கலாம். காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பேறு பெண்ணின் தாய்வீட்டில் என்பது தமிழகத்தில் பரவலாக நிலவும் மரபு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துப் போவார்கள். கணவன் பேருந்து நிலையம் வரை சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்புவான். பின்பு ஒரு நாள் செய்தி வரும். முற்காலத்தில் தந்தி வந்தது. 2013 ஜூலையோடு அந்தச் சேவை நின்றுபோயிற்று. இப்போது கைப்பேசியில் குழந்தையின் படமே வந்துவிடுகிறது. எப்படி வந்தாலும், முதற் பிள்ளையின் தந்தை பெரும்பாலும் செய்தி கேட்டுத் தந்தையானவன். நோவு தொடங்கியதையும், வண்டி பிடித்ததையும், மருத்துவர் சொன்னதையும் அறிந்தவர்கள் மாமனாரும் மாமியாருமே. மறுபேறோ பல குடும்பங்களில் கணவன் வீட்டுப் பொறுப்பு. அப்போதுதான் அவன் முதன்முறையாகக் கதவருகில் நிற்கிறான். அவன் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளையும் நிற்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து அந்தக் காத்திருப்பைத் தனியொரு பாடமாக்கிவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் அரசு மருத்துவமனை கோவிலுக்கு எதிர்ப்புறமே இருந்தது. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல், கெபியின் முன் ஓர் இளைஞர் தோளில் உறங்கும் பெண் குழந்தையோடு நின்றுகொண்டிருப்பதைக் கண்டோம். கொத்து வேலை செய்பவர். நம் பங்கைச் சேர்ந்தவரே. மனைவியை மாலையில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு உள்ளே இருந்தவர் அவருடைய தாயார். அறைவீட்டுத் திண்ணையில் அவரை அமரச் சொன்னோம். நெடுநேரம் பேசினார். அவர் பேச்சில் மூன்று அச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. அவை அவருக்கு மட்டும் உரியவையல்ல என்பதால் இங்கே எழுதுகின்றோம்.

முதலாவது, மனைவியின் உயிர் பற்றிய அச்சம். அவர் மனைவியின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் வகை, அவருடையது பாசிட்டிவ். இத்தகைய தம்பதியருக்குத் தந்தையைப் போலப் பாசிட்டிவ் இரத்தமுள்ள குழந்தை பிறந்தால், பிறப்பின்போது குழந்தையின் இரத்தத்தில் சிறிது தாயின் உடலில் கலக்கக்கூடும். தாயின் உடல் அதை அந்நியமெனக் கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். முதற் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் அந்த எதிர்ப்புப் பொருள் அடுத்த பிள்ளையின் இரத்த அணுக்களைத் தாக்கிக் கடும் சோகையையும் மஞ்சள் காமாலையையும் விளைவிக்கும், உயிரிழப்பும் நேரலாம். இதைத் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி 1968 முதல் வழக்கில் உள்ளது. தலைப்பேறு முடிந்த 72 மணி நேரத்துக்குள் அதைத் தாய்க்குப் போடவேண்டும். இரண்டாம் பிள்ளைக்கான காவல் முதற் பிள்ளை பிறந்த மூன்று நாட்களுக்குள்ளேயே வைக்கப்பட வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

"மூத்தவ பிறந்தப்போ அந்த ஊசியைப் போட்டாங்களான்னே எனக்குத் தெரியாது, சாமி. நான் அப்போ அங்கே இல்லையே" என்றார் அந்த இளைஞர். மனைவி மீண்டும் கருவுற்று, மருத்துவர் கேட்ட பிறகே அவர் மாமனார் ஊருக்குப் பேருந்தேறிப் போயிருக்கிறார். தகரப் பெட்டியின் அடியிலிருந்து பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து வந்திருக்கிறார். ஊசி போடப்பட்டதற்கான குறிப்பு அதில் இருந்தது. பின்னர் நடந்த இரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. அந்தச் சீட்டை அன்றிரவும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அந்த ஊசி மருந்து எதிலிருந்து செய்யப்படுகிறது என்பதை அவருக்குச் சொன்னோம். இரத்த தானம் செய்வோரின் குருதி நீரிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1954 முதல் 2018 வரை 1,173 முறை தானம் செய்தார். அவர் தானத்தால் பயன்பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 24 இலட்சம் என்பது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. 2025 பிப்ரவரியில் தம் 88ஆம் வயதில் அவர் இறந்தார் என்னும் செய்தியைப் படித்தபோது, அந்தத் திண்ணையும் அந்த மடித்த சீட்டும் நம் நினைவுக்கு வந்தன. முகம் அறியாதோரின் கொடையால் காக்கப்பட்டுப் பிறக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. அக்கடனைத் தீர்க்க விரும்பும் தந்தை தம் கையை நீட்டி இரத்தம் கொடுக்கலாம். பேற்றுக்குப் பின் ஏற்படும் இரத்தப் பெருக்கே தாய்மாரின் உயிரைக் கவரும் பெருங்காரணங்களுள் முதன்மையானது என்பதால், மனைவியின் இரத்த வகைக்கேற்ற கொடையாளர் எவரெவர் என முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதும் அவர் கடமை. இரண்டாம் பேற்றில் நோவு முதற்பேற்றைவிடப் பெரும்பாலும் விரைவாக முடிந்துவிடும். ஆகவே "போன முறை ஒரு பகல் முழுதும் ஆயிற்று, பொறுத்துப் போகலாம்" என்று கணக்குப் போடுதல் கூடாது. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 வண்டி ஓடுகிறது; அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

தொடக்க நூலில் யாக்கோபு இவ்வாறு காத்திருந்தார். எப்பிராத்துக்குப் போகும் வழியில் ராக்கேல் தம் இரண்டாம் மகனைப் பெற்றெடுத்து இறந்துபோனாள். சாகும் தறுவாயில் அவள் துன்பத்தின் பொருள்படப் பிள்ளைக்குப் பெனோனி எனப் பெயரிட்டாள். தந்தையோ அப்பெயரை மாற்றிப் பென்யமின் என்றழைத்தார். மனைவியைப் புதைத்த கையோடு, அந்தத் துயரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்க மறுத்த அத்தந்தையின் உள்ளத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். பிறக்கும் பிள்ளை எதற்கும் பொறுப்பாளியன்று.

இது நம்மை இரண்டாம் அச்சத்துக்குக் கொண்டு வருகிறது. "அம்மா, ஆம்பளைப் பிள்ளை பிறந்தா வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றதா நேர்ந்திருக்காங்க, சாமி. இதுவும் பொண்ணாப் போச்சுன்னா அவளை என்ன சொல்லுவாங்களோ" என்று தலை குனிந்தார். பெற்ற பிள்ளை பெண்ணாயின் பெற்றவளைப் பழிக்கும் வழக்கம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பொய்யானது. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் உயிரணுவே என்பது 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ், எட்மண்ட் வில்சன் ஆகியோரின் ஆய்வுகளால் புலப்பட்டது. தாய்க்கு அதில் எவ்விதப் பங்கும் இல்லை. ஆயினும் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கும் நிலைக்கு நம் மாநிலம் தள்ளப்பட்டது. கருவிலுள்ளது ஆணா பெண்ணா எனப் பரிசோதித்துச் சொல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க 1994இல் நாட்டுக்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் மருத்துவமனையின் வாசல் வரை வரும். வீட்டுக் கூடத்தில் மாமியாரின் பெருமூச்சைத் தடுக்க அதனால் இயலாது. அதைத் தடுக்க வல்லவன் ஒருவனே. அவன் அந்தப் பெண்ணின் கணவன். அந்த மாமியாரின் மகன்.

"தம்பி, அம்மாவின் நேர்த்தியை வேண்டாம் என்று சொல்லாதே, திருத்தச் சொல். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினால் நடந்து வருகிறேன் என்று சொல்லட்டும். நீயும் கூட நட" என்றோம். அவர் முகத்தில் அப்போதுதான் சிறு புன்னகை தோன்றியது.

மூன்றாம் அச்சத்தைச் சொல்ல அவர் வெகுநேரம் தயங்கினார். தோளில் உறங்கிய குழந்தையின் முதுகைத் தடவியபடியே மெல்லக் கேட்டார்: "சாமி, இவ மேல எனக்கு அவ்வளவு பாசம். வர்றதுக்கும் அதே அளவு பாசம் வருமா? வந்தா இவளுக்குக் குறைஞ்சிடுமா?"

நல்ல கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்ல வெட்கப்படும் தந்தையர் பலர். முதற் பிள்ளைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோமே, இனி கொடுக்க என்ன மிச்சம் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அன்பை அரிசிப் பானையாக எண்ணுவதால் வரும் அச்சம் இது. பானையில் உள்ளது ஆளுக்கு ஆள் குறையும். அன்போ கிணற்று ஊற்றைப் போன்றது; இறைக்க இறைக்கச் சுரக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அன்பு குறையாது, நேரம் குறையும். தாயின் மடி குறையும். இரவில் கதை சொல்லும் குரல் பச்சிளங் குழந்தையின் அழுகையில் அடங்கிப்போகும். பெரியவர்களுக்கு அன்பும் நேரமும் வேறு வேறு. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றே. அது கணக்குப் பார்ப்பது மடியையும் தோளையும் வைத்துத்தான்.

நாமும் நம் பெற்றோருக்கு இரண்டாம் பிள்ளையே. வீட்டிலேயே பிறந்தோம், ஊர் மருத்துவச்சி பார்த்த பேறு அது. நம் தமக்கைக்கு அப்போது மூன்று வயது. தாயின் பக்கத்திலன்றி உறங்கியறியாத பிள்ளை. உள்ளே தாயின் முனகல் கேட்கக் கேட்க அவள் அழத் தொடங்கினாளாம். அதுவரை பிள்ளையை உறங்க வைத்தறியாத நம் தந்தை அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் விடியும்வரை நடந்தாராம். மருத்துவச்சி நம்மைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது அவரால் வாங்க முடியவில்லை. கைகள் இரண்டும் உறங்கும் மகளைச் சுமந்திருந்தன. "இவள் விழிக்கட்டும், இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டாராம். மருத்துவச்சி அதை ஊரெங்கும் சொல்லிச் சிரித்தாள். நம் தமக்கையோ இன்றுவரை, "தம்பியை முதலில் பார்த்தது நானும் அப்பாவும்" என்று பெருமையோடு சொல்லுவாள். அவள் நம்மீது பொறாமை கொண்டதாக நம் நினைவில் எதுவுமில்லை.

காத்திருக்கும் தந்தைக்கு வேலையில்லை என்பார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. தாய் உள்ளே புதிய உயிருக்கு வழி திறந்துகொண்டிருக்கும் அந்நேரத்தில், வெளியே மூத்த பிள்ளையின் இடத்தைக் காத்து நிற்பது தந்தையின் வேலை. நம் ஆண்டவர் சொன்ன உவமையில் ஒரு தந்தைக்கு இரு புதல்வர். இளையவன் திரும்பி வந்த விருந்தின் ஆரவாரத்தில், மூத்தவன் வீட்டுக்குள் வராமல் வெளியே நின்றான். தந்தை வேலையாளை அனுப்பவில்லை. தாமே எழுந்து வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார். வீட்டில் புதிய மகிழ்ச்சி பிறக்கும்போது, அதற்கு வெளியே நின்றுவிட்ட பிள்ளை எதுவென்று பார்ப்பவனே தந்தை.

அந்த இளைஞருக்கு விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது, தாய்க்கும் குறையில்லை. பூசை முடிந்து நாம் வெளியே வந்தபோது மூத்தவளைத் தோளிலேற்றிக்கொண்டு சொல்ல வந்தார். "இவதான் முதல்ல பார்த்தா, சாமி" என்றார். அவருடைய தாயார் ஒரு வாரம் அவ்வளவாகப் பேசவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் மகனும் தாயுமாக வேளாங்கண்ணிக்கு நடந்து சென்று வந்தார்கள்.

அன்பார்ந்த தந்தையரே, மறுபேற்றுக்குக் காத்திருப்போர் உங்களில் பலர் இருக்கலாம். மனைவியின் இரத்த வகையையும், தலைப்பேற்றின் சீட்டையும், கொடையாளரின் தொலைபேசி எண்ணையும் இன்றே எடுத்து வையுங்கள். பிள்ளை எதுவாயினும் வரவேற்போம் என்பதை உங்கள் தாயாரிடம் இன்றே சொல்லுங்கள்; பிறந்த பிறகு சொல்வதற்கு வலிமை போதாது. மூத்த பிள்ளையை உறங்க வைக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள். நம் பங்கில் இளைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, தந்தை ஏற்றும் மெழுகுதிரியில் மூத்த பிள்ளையின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். திரி சற்றே ஆடும். சில வேளை மெழுகு சட்டையில் சிந்தும். அதற்காக எந்தத் தந்தையும் இதுவரை அந்தச் சிறு கையை விலக்கியதில்லை.