வாங்கு

கார்ல்ஸ்ரூஹே என்றால் ஜேர்மனியில் இருக்கிற எங்கள் சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது நீதிமன்றம். 1989 யூலை 10ஆம் திகதி இங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு, சட்டம் படிக்கிற பிள்ளைகளின் புத்தகங்களில் இன்றைக்கும் ‘தமிழர்கள்’ என்ற பெயரோடுதான் இருக்கிறது. அரசியல் துன்புறுத்தல் என்றால் என்ன, சொந்த நாட்டுக்குள்ளேயே வேறொரு மூலைக்குப் போய் ஒருவன் தப்பியிருக்க முடியாதா என்றெல்லாம் அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மூன்று வருடம் முந்திப் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். இந்த ஊரில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடையின் குசினிக்குள் பல வருடங்களாக நிற்கிறோம். இங்கே எழுத வந்தது வழக்கைப் பற்றி அல்ல, ஒரு வாங்கைப் பற்றி.

ஊரில் வாங்கு என்றால் பள்ளிக்கூட வாங்கு, தேத்தண்ணிக்கடை வாங்கு. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், மேசையும் அலுமாரியும் போல. ஜேர்மனியில் தச்சர் நின்று மரம் சீவுகிற கனத்த மேசைக்கு ஹோபல்பாங்க் என்று பெயர். ஹோபல் என்பது சீவுளி. பாங்க் என்பது எங்கள் வாங்கேதான். போர்த்துக்கேயருக்கே அந்தச் சொல் பழைய ஜேர்மானிய மொழிகளிலிருந்துதான் போயிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பிறந்து, லிஸ்பனுக்குப் போய், கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, எங்கள் வாயில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. வழியில் அதனிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை.

கிற்றாரும் எங்களுக்குப் புதிதல்ல. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாடாத கலியாணவீடு எது? ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம், வீதியோரத்தில் குப்பைக்கு வைத்திருந்த கழுத்து முறிந்த கிற்றார் ஒன்றை ஒட்டி எடுத்தபோதுதான் வந்தது. எங்களில் ஒருவர் யாழ். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்துக்குப் போனவர். அலைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, 2006 ஓகஸ்ற்றில், ஏ-9 பாதை மூடப்பட்டது. பிறகு படிப்பைத் தொடரவில்லை. 1880களின் பிற்பகுதியில் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் செய்து காட்டியது இதே கார்ல்ஸ்ரூஹேயில். அந்த ஊருக்கு வந்து நாங்கள் கோப்பை கழுவினோம். அலை என்கிற பாடத்தில் ஏதோ மிச்சம் கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்த் தச்சருக்கு வாங்கு கிடையாது. நிலத்தில் குந்தியிருந்து, பலகையைப் பாதத்தால் அமத்திப் பிடித்து, உளியைத் தன் பக்கம் இழுத்தும் தள்ளியும் வேலை செய்வார். கால்தான் அவருக்கு வைஸ். வேலை முடிந்ததும் உளியையும் வாளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அந்த முறை மட்டமானது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் கிற்றாரின் முன்பலகை இரண்டரை மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லியது. அதை நெளியாத தளத்தில் கிடத்தித்தான் சீவ வேண்டும். இரண்டு கையையும் சீவுளிக்குக் கொடுக்க வேண்டும். பலகையைப் பிடிக்க மூன்றாவது கை தேவை. வாங்கு அந்த மூன்றாவது கை.

டூர்லாக் பக்கத்தில் மூடப்பட்ட ஒரு தச்சுப்பட்டறையில் பழைய ஹோபல்பாங்க் ஒன்று கிடந்தது. பூஹே என்கிற கடின மரம். இரண்டு மீற்றர் நீளம். முன்னுக்கு ஒரு வைஸ், வால்பக்கம் ஒரு வைஸ், நடுவில் பலகையை முட்டுக்கொடுக்க இரும்புக் கொக்கிகள் போடும் துவாரங்கள். பாரம் நூறு கிலோவுக்குக் குறையாது.

அங்கேதான் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. எங்களில் மற்றவர் பல வருடங்களாக டுல்டுங்கில் இருந்தவர். திருப்பி அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லுகிற கடதாசி அது. 2022 டிசம்பர் 31இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒக்ரோபர் 31ஆம் திகதியோடு இங்கே ஐந்து வருடம் முடித்திருந்த டுல்டுங்காரருக்கு 18 மாத வதிவிட அனுமதி கிடைத்தது. அந்த 18 மாதத்துக்குள் வருமானம், மொழி, அடையாளம் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பழையபடி டுல்டுங். அவருடைய 18 மாதத்தில் நாலு மாதம் போயிருந்தது. “பதினாலு மாதம் கையில வச்சுக்கொண்டு நூறு கிலோ வாங்கை வாங்கிறதோ? மடிக்கிற மேசை ஒண்டு எடுப்பம், காணும்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாங்கிய எந்தப் பொருளும் ஒரு பயணப்பைக்குள் அடங்குவதுதான். கட்டில்கூட யாரோ விட்டுப்போனது.

மடிக்கிற மேசையில் சீவுளியைத் தள்ளினால் மேசையும் சேர்ந்து போகும். பாரம்தான் வாங்கின் முதல் குணம். இதை அவருக்குச் சொன்னோம். அவருக்கும் தெரியும். இரண்டு கிழமை கதைக்காமல் பிறகு, “சரி, லொறி பிடியுங்கோ” என்றார். பழைய சலவை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது.

அடுத்தது உயரம். குசினியில் நிற்கிறவனுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் கடை மேசை 90 சென்ரிமீற்றர். எங்களைவிட ஒரு முழம் உயர்ந்த ஆட்களுக்கு அடித்தது போல. அதில் வெங்காயம் வெட்டி வெட்டித் தோள்மூட்டு உயர்ந்தே நின்றுவிட்டது. சீவுகிற வாங்குக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்மொழி எங்கே முட்டுகிறதோ, கிட்டத்தட்ட அதுதான் உயரம். அப்போதுதான் கைப்பலம் அல்லாமல் உடம்பின் பாரம் சீவுளியில் இறங்கும். எங்கள் வாங்கு 86 நின்றது. நாங்கள் இருவரும் ஐந்தரை அடிக்காரர். காலில் எட்டு சென்ரிமீற்றர் வெட்ட வேண்டும்.

விற்கிற காலத்தில் உயரம் குறைந்த ஹோபல்பாங்கை இங்கே எவனும் வாங்கமாட்டான். இதை இருவரும் யோசித்தோம், ஒருவரும் சொல்லவில்லை. கோடு போட்டதும் வாளை எடுத்தவர் 18 மாதக்காரர்தான். நாலு காலையும் அவரே வெட்டினார்.

நுட்ப வேலைக்கு, நரம்புக்குக் கீழே தந்தக்கோடு பதிக்கிறதுக்கும் துவாரத்தைச் சுற்றி வளையம் பதிக்கிறதுக்கும், தாழ்ந்த வாங்கில் நாரி முறிந்துவிடும். அதற்கு இருபது சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு குட்டி வாங்கு செய்து மேலே இறுக்கியிருக்கிறோம். வெளிச்சம் மேலேயிருந்து விழுந்தால் பிழை தெரியாது. பக்கவாட்டில் தாழ வைத்த ஒரு விளக்கில் ஒவ்வொரு கீறலும் நிழல் போடும். மேற்பரப்பு நெளிந்திருந்தது. இரண்டு நேர்ச்சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒன்றின் விளிம்போடு மற்றதைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துச் சீவி மட்டமாக்க மூன்று திங்கட்கிழமை போனது. கடை பூட்டு திங்களில். ஈரப்பதம் காட்டும் மணிக்கூடு ஒன்றும் சுவரில் தொங்குகிறது. 45க்கும் 50க்கும் இடையில் நின்றால்தான் ஒட்டுவோம். ரைன் சமவெளியின் கோடைப் புழுக்கமும் மாரியில் ஹீற்றர் காய்ச்சலும் பலகையை வெடிக்க வைக்கும்.

கிற்றார் செய்ய இந்த நாட்டில் யாருக்கு உரிமை என்பது பழைய சண்டை. மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊரில், அலுமாரி செய்கிறவர்கள் கிற்றார் செய்யக்கூடாது, அது தங்கள் தொழில் என்று வயலின் செய்கிறவர்களின் சங்கம் வழக்காடியது. அந்த அலுமாரிக்காரரின் பிள்ளை ஒருவர், கிறிஸ்ரியன் பிரெடெரிக் மார்ட்டின், 1833இல் வெளிக்கிட்டு நியூயோர்க் போனார். அவர் பெயரில்தான் அமெரிக்காவின் மார்ட்டின் கிற்றார். இப்போது அந்த வில்லங்கம் இல்லை. 2004இலிருந்து மாஸ்டர் பரீட்சை எழுதாமலே இந்தத் தொழிலைத் தொடங்கலாம்; கைவினைச் சபையில் பதிந்தால் காணும். நாங்கள் இன்னும் பதியவில்லை. விற்க ஒன்றும் இல்லையே.

விரற்பலகைக்கு ஒரு கருங்காலித் துண்டு பழைய வயலின்காரர் ஒருவரிடம் கிடைத்தது. எந்தக் காட்டுக் கருங்காலி என்று அவருக்கும் தெரியாது. வன்னிக் காட்டிலும் நிற்கிற மரம் என்று சொன்னோம். எடுத்து மணந்து பார்த்துவிட்டுப் பேப்பரில் சுற்றித் தந்தார்.

18 மாதம் முடிந்து அவருக்கு இரண்டு வருட அட்டை வந்துவிட்டது. அட்டை வந்த அன்றும் இரவு வேலைதான். அடுத்த திங்கள் முன்பலகையைக் கவிழ்த்துக் கிடத்துகிற அச்சுப்பலகையை வெட்ட வேண்டும். ஒட்டுவதற்குக் கிளாம்ப் இருபதாவது வேண்டும். எங்களிடம் ஏழுதான் இருக்கிறது. வாசிக்கிறவர்களில் யாருடைய கராஜிலாவது பழையது கிடந்தால், துருப்பிடித்தாலும் பரவாயில்லை.