தொடையில் ஒரு கணக்குப்பிள்ளை

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆவடியை அடுத்த வெள்ளானூர்ப் பக்கம் போனால், இருட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கலாம். உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள் இல்லை, போலீஸ் வேலைக்காக ஓடுகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தேறினால் மட்டும் போதாது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அடுத்த அறிவிப்பு வரும்வரை வீட்டில்தான்!

அவர்களில் ஒருவனை எடுத்துக்கொள்வோம். முதல் 400 மீட்டர் சுற்றை 80 நொடியில் முடிக்கிறான். கூட வந்தவர்கள் "சூப்பர் மச்சான்" என்கிறார்கள். இரண்டாவது சுற்று 95 நொடி. மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடுகிறது, 140. மிச்சம் 300 மீட்டருக்கு இன்னொரு 110. கூட்டிப் பாருங்கள், 7 நிமிடம் 5 நொடி. போச்சு. "ஸ்டாமினா பத்தலடா, முட்டை சாப்பிடு" என்று ஒரு அண்ணன் அறிவுரை சொல்கிறார்.

முட்டை நல்லதுதான். ஆனால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ஒரு தம்பி இருக்கிறான். தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதைத் தொடையில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு ஓடலாம். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் தோல் வழியே தசைக்குள் அனுப்பும். ஆக்சிஜனோடு இருக்கும் ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் வேறு விதமாகவும் ஒளியை உறிஞ்சும். திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணக்குப் போட்டு, தசையில் ஆக்சிஜன் இத்தனை சதவீதம் என்று காட்டும்.

விரல் கருவி காட்டுவது இதயத்திலிருந்து வரும் ரத்தத்தை. ஓடினாலும் பெரும்பாலும் 95-க்கு மேலேயே நிற்கும். தசைக் கருவி காட்டுவது செலவு நடக்கும் இடத்தை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், முன்னது வரவு, பின்னது வரவு செலவு போகக் கையிருப்பு.

வேகத்தைச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை படிப்படியாகக் கூட்டினால் இந்தக் கையிருப்பு மெதுவாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஓரிடத்தில் நிற்கும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் நிற்காமல் சரியத் தொடங்கும். அதுதான் வாசல். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் கடன். ஏ.வி. ஹில் என்ற நோபல் விஞ்ஞானி 1920-களில் இதற்கு 'ஆக்சிஜன் கடன்' என்றே பெயர் வைத்தார். நம் பையன் முதல் சுற்றிலேயே வட்டிக்கு வாங்கிவிட்டான், மூன்றாவது சுற்றில் கடன்காரன் வந்து கதவைத் தட்டுகிறான்.

இந்த வாசலைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, ஒவ்வொரு படியிலும் விரலிலோ காதிலோ குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் பார்ப்பது. குத்தாமல் பார்க்கும் ஆசைக்கும் வயசாகிவிட்டது. ஒளியை வைத்து உடம்புக்குள் ஆக்சிஜனைப் பார்க்கலாம் என்று யோப்சிஸ் 1977-ல் காட்டினார். 1992-ல் பிரிட்டன் சான்ஸ் (ஆள் பெயர்தான், நாடு இல்லை!) குழுவினர் முன்னணித் துடுப்பு வீரர்களின் தொடையில் அளந்தார்கள். சான்ஸே 1952 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர்!

சரி, ஒன்று வாங்கிக் கட்டிவிடலாமா? இரண்டு சிக்கல்.

முதலாவது விலை. வெளிநாட்டுக் கருவி, பல ஆயிரம் ரூபாய். வேலைக்காக ஓடுகிற வீட்டில் அது நடக்காது.

இரண்டாவது தோல். தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருந்தால் ஒளி தசைக்குப் போகாமலே திரும்பிவிடும். கறுத்த தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். விரல் ஆக்ஸிமீட்டரிலேயே இந்த வம்பு உண்டு. அமெரிக்காவில் 2020-ல் வந்த ஆய்வில், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தப்பிப்போயிருந்தது. ஆகவே ஒருவன் எண்ணை இன்னொருவன் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. கருவியை ஒரே இடத்தில் கட்டி, அவனவன் கோடு எங்கே சரிகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

விலைக்கு வழி உண்டு. இந்தச் சோதனை தினமும் வேண்டாம், சில மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஒரு கல்லூரி ஒன்று வாங்கினால் நூறு பேர் முறை வைத்துக் கட்டிக்கொள்ளலாம். டிராக்டரை வாடகைக்கு விடுவதில்லையா?

அதுவரை? கருவி சொல்லும் புத்தியைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்துக்குச் சுற்றுக்கு 112 நொடி போதும். எல்லாச் சுற்றையும் 105-ல் ஓடினால் 6 நிமிடம் 34 நொடியில் வேலை முடிந்தது. பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவனிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். பேச்சு துண்டு துண்டாக உடைந்தால் வாசல் பக்கம் வந்தாச்சு என்று அர்த்தம்.

கஷ்டம் ஓடுவதில் இல்லை. முதல் சுற்றில் நாலு பேர் தாண்டிப் போகும்போது "போகட்டும்" என்று விடுவதில்தான் இருக்கிறது. அந்தப் பொறுமையை எந்தக் கருவியும் தொடையில் கட்டித் தராது.

உங்கள் தெருவிலும் ஒருவன் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருப்பான். முட்டையோடு சேர்த்து இந்த 105-ஐயும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.