மஞ்சள் காசும் பால் காசும்

விவசாயம் பத்தி எழுதினாலே 'ஐயோ பாவம் விவசாயி' ரகத்துல ஒரு அழுகாச்சிப் பதிவா முடிஞ்சுடுது. இது அது இல்லை மக்களே. விவசாயி கையில நிஜமாவே காசு வந்தா அவர் என்ன பண்ணுவார்ங்கறது பத்தி. போன மாசம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு நண்பர், "அவங்க கையில காசு வந்தா நகை, பைக், விருந்துன்னு அழிச்சுடுவாங்க பாஸ்"ன்னு ரொம்ப உறுதியாச் சொன்னார். (இவர் போனஸ்ல வாங்கின கேமரா ரெண்டு வருஷமா டப்பாவுக்குள்ளயே தூங்குது. அதைச் சொன்னா கோவிச்சுக்குவார்.) அப்ப சொல்ல முடியாததை இங்க சொல்றேன்.

எங்க ஊர் ஈரோடு மாவட்டம், சிவகிரி பக்கம். மஞ்சள் பூமி. வைகாசி, ஆனியில வெதை ஊனினா, தை மாசி வாக்குல வெட்டி, வேக வெச்சு, காய வெச்சு, மெருகு போட்டு மூட்டை புடிக்கணும். கிட்டத்தட்ட ஒரு வருஷ உழைப்புக்கு ஒரே ஒரு தடவை காசு. ஆனா மஞ்சளுக்கு ஒரு சௌகரியம், நல்லாக் காய வெச்சுட்டா வருஷக்கணக்குல கெடாது. விலை பிடிக்கலைன்னா குடோன்ல போட்டுட்டு, தேவைப்படறப்ப அஞ்சு மூட்டை, பத்து மூட்டைன்னு விக்கலாம். எங்க ஊர்க்காரங்களுக்கு ஃபிக்சட் டெபாசிட்னா அதுதான்.

2010 கடைசியில அந்த மஞ்சளுக்கு யோகம் அடிச்சுது. ஈரோட்டுல குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டி 17,000 பக்கம் போச்சு. ஒரு பவுன் தங்கமும் அப்ப ஏறக்குறைய 15,000 தான். ஒரு குவிண்டால் மஞ்சள் குடுத்தா ஒரு பவுன்! எனக்கு அப்ப பதிமூணு வயசு. டீக்கடையில பெருசுங்க இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிச்சது இன்னும் காதுல இருக்கு.

அப்பா இருப்பு வெச்சிருந்ததுல இருபத்தஞ்சு குவிண்டால் வித்தார். மூணே முக்கால் லட்சம். எங்க வீட்டுல அதுக்கு முன்னால யாரும் மொத்தமாப் பார்த்திராத தொகை. அது போன வழி இது: எழுநூறு அடி போர், மோட்டாரோட ஒன்றரை லட்சம். ஓட்டு வீட்டை எடுத்துட்டு ஒட்டு (தார்சு) போட ஒரு லட்சம். ஸ்ப்ளெண்டர் பைக் நாப்பத்தஞ்சாயிரம். அம்மாவுக்கு ரெண்டு பவுன், முப்பதாயிரம். மிச்சம் ஐம்பதாயிரம், நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல எனக்கு ஒன்பதாம் வகுப்பு சீட்டு.

சாப்பாட்டுல ஒரு மாத்தமும் இல்லைங்கறதைக் கவனிங்க. அன்னிக்கும் அதே ரசம்தான். ஏன்னா சாப்பாடு, மளிகை, என் நோட்டு, பேனா எல்லாம் பால் காசுல நடந்துச்சு. ரெண்டு மாடு, சொசைட்டியில பத்து நாளைக்கு ஒரு பட்டுவாடா. அது அம்மா கைக்குப் போகும். மஞ்சள் காசு அப்பா கைக்கு. ரெண்டும் ரூபாய்தான், ஆனா ரெண்டும் கலக்காது. பால் விலை லிட்டருக்கு ரெண்டு ரூபாய் ஏறினா அடுத்த வாரமே வீட்டுல முட்டை வரும். மஞ்சள் விலை ரெண்டு மடங்கானா போர்வண்டி வரும்.

மில்டன் ஃப்ரீட்மன் 1957-ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார்: மக்கள் நிரந்தரமா வரும்னு நம்பற வருமானத்தை வெச்சுத்தான் தினசரிச் செலவை முடிவு பண்றாங்க, திடீர்னு வர்ற காசைச் சேமிக்கவோ முதலீடாப் போடவோதான் பார்ப்பாங்கன்னு. படிச்சப்ப, இதை எங்க அம்மா ஒரு டப்பாவை வெச்சே சொல்லியிருப்பாங்களேன்னு தோணுச்சு. கேண்டீன் நண்பர் 'அழிக்கறாங்க'ன்னு சொன்ன நகையும் சேமிப்புதான். பாஸ்புக் இல்லாத சேமிப்பு.

அந்த விலை நிக்கலை. எப்படி நிக்கும்? எல்லாருமே அடுத்த வருஷம் மஞ்சளே ஊனினாங்க. வெதைக் கிழங்கு விலையும் எகிறுச்சு, கடன் வாங்கி ஊனினவங்களும் உண்டு. 2012-ல குவிண்டால் அஞ்சாயிரத்துக்கும் கீழ. இருப்பு வெச்சுக் காத்திருக்க முடிஞ்சவங்க தப்பிச்சாங்க. அறுவடை முடிஞ்ச கையோட கடனை அடைக்க வேண்டியவங்க மாட்டிக்கிட்டாங்க.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாங்க அதிகம் பேசமாட்டோம். அந்த நல்ல வருஷங்கள்ல மஞ்சள் வெட்டற கூலியும் ஏறுச்சு. எங்க காட்டுக்கு வழக்கமா வர்ற ஒரு அக்கா, கூலிக் காசைச் சேர்த்து சினை மாடு ஒண்ணு வாங்கினாங்க. ரெண்டு வருஷத்துல அது மூணாச்சு. பசங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாங்க. அதுக்கப்புறம் அந்த அக்கா எந்தக் காட்டுக்கும் கூலிக்குப் போகலை. அப்பாவுக்கு மஞ்சள் வெட்ட ஆள் கிடைக்காம ரொம்ப நாள் புலம்பல். நான் அவர்கிட்டயே சொன்னேன், "நீங்க என்னை எதுக்கு ஹாஸ்டல்ல சேர்த்தீங்களோ, அதையேதான் அவங்களும் பண்ணியிருக்காங்க"ன்னு. அப்பா பதில் பேசலை.

2016-17 வறட்சியில எழுநூறு அடி போர் காத்து வாங்குச்சு. தண்ணி கொஞ்சமாச்சு, ஆளும் இல்லை. ஒரு ஏக்கர்ல தென்னை வெச்சார், மஞ்சள் ஒரு ஏக்கரா சுருங்குச்சு. இன்னிக்கு அந்த மூணே முக்கால் லட்சத்துல என்ன மிச்சம்னு பார்த்தா, தார்சு நிக்குது. பைக் போயிடுச்சு. அம்மாவோட ரெண்டு பவுன் ஒன்றரை லட்சத்துக்கு மேல பேசுது (2025-லயே பவுன் 70,000-ஐத் தாண்டிடுச்சு. இப்ப ஒரு பவுனுக்கு ஒரு குவிண்டால் எந்த மூலைக்கு?). ஹாஸ்டல் ஃபீஸ் நான்தான், மாசாமாசம் வீட்டுக்கு அனுப்பறேன்.

நாட்டுக் கணக்கும் இதுக்கு ஒத்துப் போகுது. அரசாங்கத்தோட 2018-19 கணக்கெடுப்புல, ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மாச வருமானம் சராசரி 10,218 ரூபாய். அதுல பயிர்ல வந்தது 3,798, சம்பளம், கூலியில வந்தது 4,063. பேருதான் விவசாயக் குடும்பம்!

2024-ல மஞ்சள் மறுபடி 15,000-ஐத் தாண்டுச்சு. அப்பா இருப்புல இருந்த இருபது குவிண்டாலை வித்தார். மூணு லட்சம் பேங்க்ல கிடக்கு, வீட்டுல சண்டையும் நடக்குது. அப்பாவுக்கு ஆயிரம் அடியில புது போர். அம்மாவுக்குக் கொட்டகையோட இன்னும் மூணு மாடு.

நான் மொதல்ல அம்மா கட்சிதான். ஒரு தடவை காத்து வாங்கின குழியில மறுபடி ஏன் காசைக் கொட்டணும்? ஆனா அப்பா சொன்ன கணக்குல கொஞ்சம் ஆடிப் போயிட்டேன். "கண்ணு, தண்ணி இருந்தாத் தென்னை நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு. அதுவும் பால் காசு மாதிரிதான். மூணு மாட்டைக் கட்டிக்கிட்டு உங்கம்மா விடியக்காலம் நாலரைக்கு எந்திரிக்கோணும். முட்டி வலிக்கு நீ மாத்திரை வாங்கி அனுப்பறயே, அது யாருக்கு?" 2025-ல தேங்காய் விலை ஏறினதுல அவர் குரலும் ஏறியிருக்கு.

அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "போர்ல தண்ணி வரும்னு எழுதிக் குடுப்பாரா உங்கப்பா? மாடு கறக்கும்னு நான் எழுதித் தர்றேன்"ன்னாங்க. அதுவும் நியாயம்தானே! அந்தப் பட்டுவாடா வந்தா அது அவங்க கைக்கு வரும்ங்கறதை அவங்க சொல்லலை, நானும் கேக்கலை.

வர்ற வியாழக்கிழமை, கையில தேங்காய் வெச்சு நீரோட்டம் பார்க்கறவரை வரச் சொல்லியிருக்கார் அப்பா. அம்மா அதே வியாழக்கிழமை எங்க மாமாவைக் கூட்டிக்கிட்டு ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போறாங்களாம். செக் புக் இப்போதைக்கு அம்மாவோட அரிசி டப்பாவுல இருக்குன்னு தம்பி சொல்றான்.