பிடிஎஃப்புக்குள்ளும் தமிழ் தமிழாக இருக்க வேண்டும்



"ஐயா, உங்க இலக்கணக் குறிப்புகள் பிடிஎஃப்பா எப்ப வரும்?" என்று பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இப்போது தயார். இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு படி வந்துவிட்டது. அதை உங்களுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். பார்வை இல்லாதவள். கணினித் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற மென்பொருள்தான் அவளுக்குக் கண். அது இலவசம், திறந்த மூல மென்பொருள். தாமே பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது.

அவளிடம் தமிழ் பிடிஎஃப்புகள் நிறைய இருந்தன. பாதிக்கும் மேல் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அவள் காதில் 'அம்மா' விழுவது இப்படி: எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்.

என் குறிப்புகள் யூனிகோடில் அடித்தவை, அதனால் தொல்லை இருக்காது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அந்த முதல் படியை அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். "ஐயா, முன்னைக்கு இது பரவாயில்லை. ஆனா கொம்பு வர்ற இடத்துல எல்லாம் உளறுது" என்றாள்.

காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னே, உயிர் பின்னே ஒலிக்கும் என்று வகுப்பில் படித்தோம் அல்லவா? யூனிகோடும் அந்த முறையில்தான் சேமிக்கிறது. 'கொ' என்றால் முதலில் க, அடுத்து ஒகரக் குறி. தாளில் எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பிடிஎஃப் என்பது அடிப்படையில் 'இந்த உருவத்தை இந்த இடத்தில் வை' என்கிற கட்டளைகளின் தொகுப்பு. எந்தச் சொல்லிலிருந்து அந்த உருவம் வந்தது என்பதை அது தானாக நினைவில் வைத்துக்கொள்ளாது. திரும்பப் படிக்கும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. நம் கண் அதைச் சரியாகவே படித்துவிடும். குரல் தடுமாறும். 'கொய்யா' என்று தேடினாலும் கிடைக்காது.

இதற்குத் தீர்வு பிடிஎஃப் விதிகளிலேயே இருக்கிறது. அதன் பெயர் 'ஆக்சுவல் டெக்ஸ்ட்'. உருவங்களுக்குப் பின்னால் உண்மையான சொல்லையும் சேர்த்து வைப்பது. அதை எழுதிவைக்கும் கருவிதான் வேண்டும்.

அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "சித்தப்பா, வேர்டை விடுங்க. வெறும் டெக்ஸ்டா அடிங்க, மத்ததை மிஷின் பாத்துக்கும்" என்று இரண்டு கருவிகளைப் போட்டுக்கொடுத்தான். ஒன்று பாண்டாக். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் தொடங்கியது. இன்னொன்று ஸீடெக். தன் நூலின் அச்சுப்படி அழகில்லை என்று டொனால்ட் கனூத் 1977-இல் எழுதத் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் வழிவந்தது. ஜோனதன் கியூ 2004-இல் அதை யூனிகோடுக்குக் கொண்டுவந்தார். யாரும் நம்மிடம் காசு கேட்கவில்லை. தமிழ் தெரியாத மனிதர்கள் செய்த வேலையில் தமிழ் ஒழுங்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

ஸீடெக்கில் ஒரே ஒரு வரி அமைப்பு சேர்த்தால், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அதன் உண்மை எழுத்துகளையும் வைத்துவிடுகிறது. அந்த வரியோடு இரண்டாம் படியை எடுத்து அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் போன். கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஐயா, அன்மொழித்தொகைக்கு இன்னும் ரெண்டு எடுத்துக்காட்டு கொடுங்க, குழப்பமா இருக்கு" என்றாள். மற்ற மாணவர்கள் கேட்கும் அதே சந்தேகம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வேலை முடிந்துவிடவில்லை. வேற்றுமை உருபு அட்டவணையில் எந்த உருபு எந்த வேற்றுமைக்கு என்று அந்தக் குரலுக்கு இன்னும் தெரியவில்லை. தலைப்பு எது, அட்டவணையின் கட்டம் எது என்று குறியிட்டால்தான் தெரியும். லாடெக் குழுவினர் இதற்காகப் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். அவர்கள் பரிந்துரைப்பது ஸீடெக்கை அல்ல, லுவாடெக்கை. பெர்லினில் உருவான டைப்ஸ்ட் என்ற புதிய கருவி 2025 முதல் இந்தக் குறிகளைத் தானாகவே போடுகிறது. அடுத்து அதைத்தான் பழகப்போகிறேன். அதுவரை, அதே டெக்ஸ்டிலிருந்து பாண்டாக் வழியாக ஒரு இபப் கோப்பும் எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன்.

உங்களில் பலர் ஆசிரியர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள். சுற்றறிக்கை, வினாத்தாள், குடும்ப மலர் என்று தமிழில் பிடிஎஃப் போடுகிறீர்கள். அனுப்பும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். கொய்யா, தேங்காய், மௌனம் ஆகிய மூன்று சொற்களை அதில் எங்காவது அடித்து, பிடிஎஃப் எடுத்தபின் அங்கிருந்து காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். மூன்றும் அப்படியே வந்தால் சரி. இல்லையென்றால் மூல டெக்ஸ்டையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் கோப்பைக் காதால் படிக்கும் ஒருவர் உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ இருக்கலாம்.

குறிப்புகள் வேண்டுவோர் கமெண்டில் பெயரும் படித்த ஆண்டும் போடுங்கள். இரண்டு வடிவத்திலும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா