சட்டைப்பை மாத்திரை

சுந்தரபாண்டியபுரத்தை வெளியூர்க்காரர்கள் சூரியகாந்தி வயல்களாலும், 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தாலும் அறிவார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டியை நிறுத்தி, பூக்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களில் எல்லோரும் பல் தெரியச் சிரிப்பார்கள். சென்ற ஆண்டு அதே பருவத்தில், எங்கள் வீட்டில் அப்பா வாயைத் திறக்கவே மறுத்துக்கொண்டிருந்தார்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி, தாடை வீங்கியிருந்தது. கிராம்பு வைத்துப் பார்த்தார், உப்பு வெந்நீர் கொப்பளித்தார், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையையும் விழுங்கினார். நான்காம் நாள், பிள்ளைகள் மூவருமாகச் சேர்ந்து அவரைத் தென்காசியில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா ஐயா?" என்று கேட்டார் மருத்துவர்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

"பீடி, புகையிலை, வெத்தலை, மது?"

"கிடையாது."

எட்டு மாதங்களுக்கு முன்புதான் அப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் என்று இரண்டு மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவற்றை மாதாமாதம் வாங்கிக் கொடுப்பவர்களே நாங்கள்தாம். ஆயினும் அந்த அறையில் மூவரும் வாய் திறக்கவில்லை. பல் வைத்தியத்துக்கு நெஞ்சு வைத்தியக் கதை எதற்கு என்பதே அப்போது எங்கள் எண்ணம்.

மருத்துவர் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் சற்று நேரம் நின்றார். அங்கே சுருக்கம் விழுந்த வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது.

"இந்த இடத்துலதான அடக்கி வைப்பீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அப்பா எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

அது எங்களுக்குத் தெரியாத செய்தியன்று. எங்கள் வட்டாரத்தில் பீடி சுற்றும் கைகள் இல்லாத தெரு குறைவு. அம்மா இருந்தவரை மடியில் சுளகோடுதான் இருந்தாள். பீடி இலையும் தூளும் கலந்த அந்த வாசனையில்தான் நாங்கள் பாடம் படித்தோம். பள்ளிக் கட்டணமும் அந்தச் சுளகிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டில் புகையிலை சோறு போட்ட பொருள். அதைத் தீயது என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அப்பா கன்னத்தில் அடக்குவதைப் பார்த்தும் பார்க்காதவர்களாகவே வளர்ந்துவிட்டோம்.

எச்சில் துப்ப அவர் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. மருத்துவர் எடுத்துப் பார்த்தார். க்ளோபிடோக்ரல். அப்போதுதான் மீதியும் வெளியே வந்தது. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, அந்த மாத்திரைகளை நிறுத்திவிடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, வலி தொடங்கிய நாளிலிருந்தே இரண்டையும் நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை.

மருத்துவர் கருவியைக் கீழே வைத்தார். "பல்லுல வர்ற ரத்தத்தை நான் நிறுத்திருவேன் ஐயா. அந்த ஸ்டென்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

உடனே இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். அன்றே மாத்திரைகள் மீண்டும் தொடங்கின. கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அந்த வகை மாத்திரைகளில் சில, ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக் கசிவைக் கூட்டும், வேறு சில ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கும் என்றார். சீழை வடித்து, வீக்கம் வற்ற மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்துப் பல்லை எடுத்தார். எந்த மாத்திரையும் நிறுத்தப்படவில்லை. குழிக்குள் பஞ்சு போன்ற ஒன்றை வைத்துத் தையல் போட்டு, துணியை அழுத்திக் கடிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றது. நாங்கள் அத்தனை நாள் பயந்தது அந்த அரை மணி நேரத்துக்குத்தான்.

அதன் பிறகு இது பற்றி நிறையக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டோம். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபினும் சிலருக்கு ஈறுகளைப் பெருக்கச் செய்கின்றன. மனநோய்க்கும் ஒவ்வாமைக்கும் தரும் பல மருந்துகள் உமிழ்நீரை வற்ற வைத்து, பற்சொத்தைக்கு வழி திறக்கின்றன. எலும்புத் தேய்வுக்கும், எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளைப் பெற்றவர்களில் சிலருக்கு, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பே ஆறாமல் வெளியே தெரிவதை 2003 முதல் மருத்துவ இதழ்கள் எழுதி வருகின்றன. நெடுநாள் குடியால் ஈரல் கெட்டவருக்கு ரத்தம் எளிதில் உறைவதில்லை. புகைப்பவருக்குப் பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு நிலைக்காமல் போய், எலும்பு வெளிப்பட்டுக் கடும் வலி வரலாம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. தாம்பூலத்தை மங்கலமாகக் கொண்ட நமக்கு இது கசப்பான செய்திதான்.

பல் மருத்துவர் கேட்கும் அந்த இரண்டு கேள்விகளுக்குப் பின்னால் இத்தனை இருக்கின்றன. நாமோ அவற்றை ஒழுக்கத் தேர்வின் வினாக்களாக எடுத்துக்கொண்டு, 'கிடையாது' என்று எழுதித் தேறிவிடப் பார்க்கிறோம். பெற்றோருக்குத் துணையாகப் போகிறவர்களும், பெரியவர் மானம் போகக்கூடாது என்று உடன் சேர்ந்து மறைக்கிறோம். அன்று பொய் சொன்னவர் அப்பா ஒருவர் மட்டுமல்லர். நாங்கள் மூவரும் எங்கள் மௌனத்தால் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

வெள்ளைத் திட்டின் கதை அத்தோடு முடியவில்லை. புகையிலையை விட்ட இரண்டு வாரத்தில் அது சிறுத்தது, ஆனால் மறையவில்லை. சிறு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் செல்களில் சிறிது மாற்றம் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று தாள் வந்தது. காட்டி வருகிறோம்.

இப்போதெல்லாம் அப்பாவின் சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடு மடித்த காகிதம் ஒன்றும் இருக்கிறது. மாத்திரைகளின் பெயர்களையும் வேளைகளையும் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். சென்ற முறை மருத்துவர் அதை வாங்கிப் படித்தபோதுதான், அடியில் அப்பாவே கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருப்பதைப் பார்த்தோம். 'புகையிலை நாற்பது வருசம். விட்டு ஒன்பது மாசம்.'