வெள்ளைத் தங்க வாட்ச் வாங்கப் போறீங்களா?

பழைய ஸ்விஸ் டிரஸ் வாட்ச், அதுவும் வெள்ளைத் தங்கத்தில் தேடுறவங்களுக்கு ஒரு சின்ன த்ரெட்.

ஆசை எனக்கும் உண்டு. நம்ம பள்ளிபாளையம் பக்கம் தங்கம்னா மஞ்சளா, நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்கணும். இது நேர் எதிர். பார்த்தா ஸ்டீல் மாதிரி இருக்கும், கட்டினவருக்கு மட்டும்தான் தெரியும். தறி ஓட்டிட்டு நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவர் எதிரில் உட்காரும்போது, டாக்டர் கை பளபளக்காம இருக்கறதே நல்லது. (பலதுக்கும் செகண்ட் முள்ளே கிடையாது. நாடி பார்க்க ஆகாது!)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 18 காரட்னா 75 சதவீதம் தங்கம். மஞ்சளை வெளுக்க மிச்சத்தில் நிக்கல் அல்லது பல்லேடியம் சேர்ப்பாங்க. நிக்கல்னா கவனம். வேர்வையில் அது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தோலில் இறங்கும். ஒவ்வாமை இருக்கறவங்களுக்கு பக்கிள், பின்மூடி படற இடத்தில் அரிப்பு, சிவப்பு, நாளாக நாளாக தோல் தடிச்சு கருத்துடும். கட்டின உடனே வராது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வரும். அதனால வாட்ச் மேல சந்தேகமே வராது, சோப்பை மாத்திட்டே இருப்பீங்க.

ரோடியம் பூச்சு இருந்தா தடுக்கும், பழசில் அது தேய்ஞ்சிருக்கும். நிக்கல் கசிவுக்கு ஐரோப்பா வரம்பு விதிச்சதே 1994ல்தான். நீங்க தேடற விண்டேஜ் எல்லாம் அதுக்கு முந்தினது.

கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுதா? ஜீன்ஸ் பட்டன் படற இடம் அரிக்குதா? அப்ப அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பண்ணிக்கோங்க. முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவாங்க, அவ்வளவுதான்.